இருபத்தொரு டசின் போத்தலும் ஒரு கல்யாணமும்

அன்புள்ள மகன் தம்பி,

அடுத்த வாரம் சனிக்கிழமை உன் கல்யாணம் நடக்கும். குறித்த நாளில், குறித்த நேரத்தில். இதை இன்று வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, நார்த்மீட்டில் எங்கள் குசினியில், அம்மா இழுத்துப்போட்ட கதிரையில் இருந்துகொண்டு ஜூலியின் தகப்பன் ரெஜ் தன் வாயாலேயே சொன்னார். நானும் அம்மாவும் நேரில் கேட்டோம். "தள்ளிப்போடுகிற கதையை விடுங்கள், அந்தச் சனிக்கிழமைதான்" என்றார். அவர் சொன்னதை எழுதி, அவருக்கே திருப்பி வாசித்துக் காட்டினேன். முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலின் பழக்கம், சம்பந்தி என்பதற்காக விட்டுப்போகாது. நாளை காலை தபாற்கந்தோர் திறந்ததும் இந்த ஒரு வரியை உனக்குத் தந்தியாக அனுப்புவேன். மீதிக் கதை தந்திக்குள்ளும் அடங்காது, மூன்று நிமிடத் தொலைபேசி அழைப்புக்குள்ளும் அடங்காது. அதனால் இந்தக் கடிதம்.

நீ வடக்கே ரவுன்ஸ்வில்லில் இருந்து அரைகுறையாகக் கேட்டதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். சிட்னியில் பியர் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் இன்று நான்காவது வாரத்தில் நிற்கிறது. மதுச்சாலைகள் காய்ந்து கிடக்கின்றன. வெளி மாநிலத்தில் இருந்து லொறியில் வருகிற பியரை யூனியன்காரர் எவரும் தொடமாட்டார்கள். அது தங்கள் சகோதரரின் வயிற்றில் அடிக்கிற பியர் என்பது அவர்கள் கணக்கு. ரெஜ் அந்த ஆலையின் நொதிக்கும் நிலவறையில் இருபத்துநாலு வருடம் வேலை செய்தவர், இப்போது வாசலில் மறியலுக்கு நிற்கிறவர். அவருடைய பின்வளவில் நடக்கவேண்டிய விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அவரோடு மறியலில் நிற்கிறவர்கள். போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஜூலியிடம் சொன்னது, வேலைநிறுத்தம் முடியட்டும், கல்யாணத்தைப் பிறகு வைப்போம் என்று. பிறகு என்றால் எப்போது? அந்தச் சனிக்கிழமை தவறினால் மார்கழி பிறந்துவிடும், தைக்கு முன் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. தைக்கு முன்பே நீ போர்ட் மோர்ஸ்பி வேலைக்கு விமானம் ஏறவேண்டும். மனைவி என்று பதிந்தால்தான் கொம்பனி அங்கே வீடு தரும். இல்லாவிட்டால் நீ அங்கே, ஜூலி இங்கே, இரண்டு வருடம்.

செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசியில் கத்தியது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. "ஒரு குடிக்காகவோ அப்பா எங்கட கல்யாணம் நிக்குது? இவர் என்ன மனிசன்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து லைன் அறுந்தது. இப்போது சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட வழியில்லை என்று வைத்துக்கொள், உன் அம்மா அன்றைக்குக் கல்யாணம் வைப்பாளா? "வந்த சனத்தை வெறும் வயித்தோட அனுப்பிற வீட்டில என்ரை பிள்ளைக்குக் கலியாணமோ" என்று அவள் படுத்துவிடுவாள். ரெஜ்ஜுக்கு பியர் அந்தச் சோறு. மனைவியை இழந்த மனிதர், தனியாக வளர்த்த ஒரே பெண்ணின் விருந்தை எவரிடமும் கைநீட்டாமல் தானே செய்யவேண்டும் என்று நினைத்தவர். தன் தோழர்களைத் தண்ணீர்க் கிளாசோடு தன் வளவில் நிற்கவைக்க அவரால் முடியவில்லை. கள்ளவழியில் வாங்கி ஊற்றவும் முடியவில்லை. அவருடைய இடத்தில் நின்று பார்க்காமல் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தப் பிழையை நான் உனக்கு முன்னரே செய்துவிட்டேன் என்பதுதான் தகுதி. அதற்கு வருகிறேன்.

நான் பியர் காய்ச்சத் தொடங்கியது குடிக்க அல்ல, அப்பத்துக்கு. இது உனக்குச் சரியாகத் தெரியாது, நீ அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தாய். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இரண்டாம் வருடம். அம்மாவுக்கு அப்பமாவைப் புளிக்கவைக்கக் கள்ளு வேண்டும், சிட்னியில் கள்ளுக்கு எங்கே போவது. பாணுக்குப் போடும் ஈஸ்டைப் போட்டுச் சுட்டாள். சுட்டுவிட்டுத் தானே ஒரு வாய் கடித்து, "இது அப்பமில்லை, வட்டமாச் சுட்ட பாண்" என்று சட்டியோடு தள்ளிவைத்தாள். வேறு ஏதாவது ஈஸ்ட் பார்த்து வாங்கிவரும்படி என்னைப் பரமட்டாவுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு கடையில், செடிக்குப் போடும் உரப் பைகளுக்குப் பக்கத்தில், ஒரு தட்டு நிறைய மோல்ட் தகரப்பேணிகள் இருந்தன. முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி எடுத்த, தேன்போலத் தடித்த கறுப்புச் சாறு. வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு இருந்த தடை அதற்குச் சற்று முன்தான் நீங்கியிருந்தது, அதனால் அந்தத் தட்டே புதிது. பியர் ஈஸ்ட் ஒரு சின்னப் பொட்டலமாக ஒவ்வொரு பேணியின் மூடியிலும் ஒட்டப்பட்டிருந்தது. பொட்டலத்தை மட்டும் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பேணியை வாங்கினேன். பாதி ஈஸ்ட் அம்மாவின் மாவுக்குப் போனது. மீதிப் பாதியையும் ஒரு பேணி மோல்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு புதிய பிளாஸ்ரிக் குப்பைத்தொட்டியை வாங்கிக் கழுவி, பேணியில் எழுதியிருந்தபடி செய்தேன். அடுத்த நாள் காலை அப்பம் ஓரம் முறுகி, நடு மெத்தென்று எழும்பி வந்தது. அம்மா அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வையைக் கல்யாணமான முதல் வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று வாரத்தில் பியரும் வந்தது. அது வாய்க்கு நல்லாக இருக்கவில்லை. ஆனால் அது பியர்தான், நான் செய்த பியர்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் படிகிற ஈஸ்ட் சேற்றை அம்மா எடுத்துக்கொள்ளுவாள். முதல் தடவை அப்பம் கைத்தது, பியரில் போடுகிற ஹொப்ஸ் பூவின் கைப்பு அதில் ஏறியிருந்தது. குளிர்ந்த தண்ணீரில் மூன்று தரம் அலசிவிட்டால் கைப்புப் போய்விடும் என்று அவளே கண்டுபிடித்தாள். அலசியதை ஒரு ஜாம் போத்தலில் போட்டு, இடைக்கிடை சீனியும் அரிசிமாவும் ஊட்டிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருப்பாள். மூடியில் "அப்பம்" என்று எழுதி ஒட்டியிருப்பாள். நீ லீவில் வந்தபோது அதைத் திறந்து மணந்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். அந்தப் போத்தலை நினைவில் வைத்துக்கொள், உன் கல்யாணத்தில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது.

இனி ஒரு பொய்யைத் திருத்தவேண்டும். ஸ்ட்ரத்ஃபீல்டில் இருந்து ஓர் இஞ்சினியர் குடும்பம் தங்கள் மகளுக்கு உன்னைக் கேட்டு வந்தார்கள், ஞாபகமிருக்கும். சாதகக் குறிப்புப் பொருந்தவில்லை என்று உனக்கு எழுதினேன். குறிப்பு நன்றாகப் பொருந்தியிருந்தது. நடந்தது வேறு. போத்தலில் அடைக்கும்போது ஒவ்வொன்றிலும் மட்டமாக ஒரு தேக்கரண்டி சீனி போடவேண்டும், அதைத் தின்றுதான் ஈஸ்ட் உள்ளே காற்றைக் கட்டும். அந்த முறை எனக்கு ஒரு யோசனை. உன் மாமா கப்பலில் அனுப்பிய, ஓலைக் குட்டானில் கட்டிய பனங்கட்டிகள் பெட்டி நிறைய இருந்தன. வெறும் வெள்ளைச் சீனி எதற்கு என்று, வெறுந்தேத்தண்ணிக்குக் கடித்துக்கொள்ளுகிற அளவில் கண்மட்டத்துக்கு உடைத்து, போத்தலுக்கு ஒரு துண்டு போட்டு மூடினேன். யாழ்ப்பாணத்தானைத் தவிர உலகத்தில் வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. ஜனவரி வெயில். போத்தல்கள் உடுப்புத் தோய்க்கும் அறையில். விருந்தாளிகள் முன்னறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது முதலாவது வெடித்தது. "ஆரோ ஒருத்தரின்ரை கார் ரயர் வெடிச்சிட்டுது" என்றாள் அம்மா. இரண்டாவதுக்கும் அதையே சொன்னாள். மூன்றாவதுக்குப் பிறகு வரிசையாக வெடித்தன, கதவின் கீழால் நுரை உள்நடைக்கு வந்து, பெண்ணின் தாயாரின் பட்டுச் சேலைக் கரை வரைக்கும் போய்விட்டது. அந்த அம்மாள் காலைத் தூக்கிக்கொண்டு, "ஐயா குடிக்கிறவரோ?" என்று கேட்டார். உன் அம்மா நிதானமாக, "குடிக்கிறது குறைவு, காய்ச்சிறவர்" என்றாள். அவர்கள் அதற்குப் பிறகு பத்து நிமிடம்கூட இருக்கவில்லை. வெடித்தது பதினொரு போத்தல்.

இதை உன்னிடம் மறைத்ததற்குக் காரணம் வெட்கம். பிறருடைய வழக்குகளில் யார் எத்தனை மணிக்கு என்ன சொன்னார் என்று தேடித்தேடி எழுதினவன், என் வீட்டு விசயத்தில் ஒரு சாத்திரியாரின் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தப்பினேன். உனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு நீ ஜூலியின் பெயரைச் சொன்னபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை ஒரு தகப்பனின் பெருந்தன்மை என்று நீ நினைத்திருப்பாய். பெரும்பகுதி குற்றவாளியின் நிம்மதி. அந்தப் பதினொரு போத்தலுக்குப் பிறகு நான் எதையும் கண்மட்டத்தில் போட்டதில்லை. முழுத் தொட்டிக்கும் வேண்டிய சீனியை நிறுத்து, கரைத்து, ஒன்றாகக் கலந்துதான் அடைக்கிறேன். ஹைட்ரோமீற்றர் என்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது இரண்டு நாள் ஒரே கோட்டில் நின்று, நொதிப்பு முடிந்தது என்று தெரிந்தால்தான் மூடி அடிப்பேன்.

அடுத்தது ரெஜ். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அவரை மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தாய். தொழிலே பியராக இருக்கிற மனிதருக்கு நான் செய்த பியரைக் கொடுக்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். பின்வளவில் வைத்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். வாயில் வைத்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு மீதியைத் தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டு, "மேட், தொட்டியை எங்கே வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். நான் சோற்றைப் பார்த்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவருடைய வீட்டுப் பக்கம் போகவில்லை. அவருடைய பிறந்தநாளுக்கு அழைத்தார், கந்தோரில் வேலை என்று பொய் சொன்னேன். அன்றைக்கு நான் பின்னேரம் முழுக்க வீட்டில் இருந்து கிரிக்கெட் கேட்டேன்.

ஒருநாள் அம்மா வருடத்துக்கு வேண்டிய தூளுக்கு மல்லியும் மிளகாயும் வறுத்துக்கொண்டிருந்தாள். குசினி முழுக்கப் புகை, நான் தும்மிக்கொண்டு தொட்டியைத் திறந்து பார்த்தேன். தொட்டி அடுப்புக்கு நாலடி தள்ளி இருந்தது. குனிந்து மணந்தால் பியரில் கறித்தூள் மணக்கிறது. எத்தனை தொட்டிகளை அப்படிக் கெடுத்தேனோ. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, "அந்தாள் அண்டைக்கு அதைத்தானே கேட்டது. நீங்கள் ஏன் மறுமொழி சொல்லேல்லை?" என்றாள். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கினவன் நான். என்னிடம் ஒருவர் நேராகக் கேட்ட ஒரு கேள்வியை அவமானம் என்று நினைத்து ஐந்து மாதத்தை வீணாக்கினேன். அவர் ஊற்றியது என்னை அல்ல, கெட்டுப்போன ஒரு கிளாஸ் பியரை. அன்றைக்கே தொட்டியைக் கார்க் கொட்டகைக்கு மாற்றினேன். ஆனால் ரெஜ்ஜிடம் போய் அதைச் சொல்லவில்லை. இன்னொரு கிளாஸ் கொடுக்கவும் துணிவு வரவில்லை, இன்று காலை வரைக்கும்.

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் அதைப் பற்றி எழுத நான்தான் போனேன். நிர்வாகத்தின் பேச்சாளரையும் யூனியன் செயலாளரையும் ஒரே பின்னேரத்தில் கண்டேன். அடுத்த சந்திப்பு எப்போது என்று இருவரிடமும் கேட்டேன், இருவரிடமும் திகதி இல்லை. நீதிமன்றச் செய்தி எழுதி இத்தனை காலம் இருந்தவனுக்கு அந்த முகங்கள் தெரியும், இது நீளப்போகிற வழக்கு. உன் கல்யாணத்துக்கு அன்றைக்கு முப்பத்தொரு நாள். காய்ச்சி நொதிக்க ஒரு வாரம், போத்தலில் காற்றுக் கட்ட ஆகக் குறைந்தது இரண்டு வாரம். கொட்டகையில் ஏற்கெனவே ஆறு டசின் இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "விசரோ உங்களுக்கு? அதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள். பிறகு, "எத்தினை தொட்டி வேணும்?" என்று கேட்டாள்.

முதல் மூன்று தொட்டிக்குச் சாமான் கிடைத்தது. அடுத்த வாரம் போனால் அந்தத் தட்டு வெறுமை. சிட்னி முழுக்க என்னைப்போல யோசித்திருக்கிறது. பிளக்டவுன், கிரன்வில், ஓபர்ன் என்று காரில் திரிந்து, தூசி படிந்த இரண்டு பேணி பிடித்தேன், இரண்டிலும் ஒட்டியிருந்த ஈஸ்ட் காலம் முடிந்து செத்துப்போனது. இரண்டாம் சுற்றின் மூன்றாவது தொட்டிக்கு மோல்டே இல்லை. மருந்துக்கடைகளில் பிள்ளைகளுக்குத் தென்பு வர மோல்ட் சாறு விற்பார்கள் என்பது ஞாபகம் வந்து, பரமட்டாவில் ஒரு மருந்துக்கடையில் இருந்த ஆறு போத்தலையும் வாங்கிக்கொண்டு வெற்றிவீரன்போல வந்தேன். அம்மா ஒன்றைத் திறந்தாள். "இஞ்சேருங்கோ, இதை மணந்து பாருங்கோ. மீன் மணக்குது." லேபிளைக் கண்ணாடி போட்டு வாசித்தேன். மீனெண்ணெய் கலந்த மோல்ட். "கலியாண வீட்டில பியரும் குடுத்து, மீன்குழம்பும் குடுத்தமாதிரி இருக்கும்" என்று அவள் கதிரையில் இருந்து சிரித்தாள். அதைத் திருப்பிக் கொடுத்து, எண்ணெய் கலக்காததைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் போனது. அதனால்தான் அந்தக் கடைசித் தொட்டி பிந்தியது. ஈஸ்டுக்கு என்ன செய்தோம் என்று கேட்பாய். அம்மா குளிர்ப்பெட்டியைத் திறந்து "அப்பம்" போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். "என்ரை பிள்ளையள் இருக்கினம்" என்றாள். இரண்டாம் சுற்று மூன்று தொட்டியும் அந்த ஜாம் போத்தலில் இருந்துதான் பொங்கின. நவம்பர் வெயிலுக்குத் தொட்டிகளை ஈரச்சாக்கால் சுற்றி, காற்றாடியைத் திருப்பிவிட்டு, கந்தோரில் இருந்து வந்ததும் வராததுமாகச் சாக்கை நனைத்தேன். வெற்றுப் போத்தலுக்கு இந்தத் தெருவில் நான் தட்டாத கதவு இல்லை. ஆறு டசினோடு ஏழரையும் ஏழரையும், மொத்தம் இருபத்தொரு டசின்.

திங்கட்கிழமை ஜூலி வந்து அம்மாவின் தோளில் அழுதாள். அழுது முடித்தபிறகு அம்மா அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அந்தப் பிள்ளை வரிசையாக நின்ற போத்தல்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அப்பா ஓம் என்று சொல்லமாட்டார். பெருமைக்காரர்" என்றது. தருமமாக எதையும் வாங்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், மறியலில் அவருடைய தோழர்களுக்கு முன்னால் வைத்துத்தான் கேட்கவேண்டும். அதனால் பத்திரிகை ஆசிரியரிடம் விசயத்தைச் சொல்லி, வேலைநிறுத்தச் செய்தியை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். சம்பந்தியாகப் போகிறவன் நிருபராகவும் நிற்கக்கூடாது. இன்று காலை ஐஸ் பெட்டியில் எட்டுப் போத்தலோடு ஆலை வாசலுக்குப் போனேன். நாலு வாரத்தில் வெயிலில் கறுத்துப்போன முப்பது பேர், ஒரு தகரக்கொட்டகை, தேத்தண்ணிக் கேத்தல். ரெஜ் என்னையும் பெட்டியையும் பார்த்தார். நான் முதலில் சொன்னது பியரைப் பற்றி அல்ல. "இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்டீர்கள். தொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அடுப்பில் கறித்தூள் வறுப்போம்" என்றேன். அவர் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "நான் மல்லி என்றுதான் நினைத்தேன்" என்றார்.

கல்யாணத்துக்கு இதை வைப்போமா என்று கேட்டேன். தன்னால் தனியாகச் சொல்லமுடியாது என்று அவர்களுடைய பிரதிநிதி கிளெம்மைக் கூப்பிட்டார். கிளெம் நீதவானைப்போல விசாரித்தான். மோல்ட் எங்கே வாங்கினது? கடையில், வேலைநிறுத்தத்தில் சம்பந்தப்படாத கடையில். யார் காய்ச்சினது? நானும் மனைவியும். கூலி? இல்லை. மறியலைத் தாண்டி வந்ததா? இல்லை, மறியலுக்குத்தான் வந்திருக்கிறது. கடைசிப் பதிலுக்கு நாலைந்து பேர் சிரித்தார்கள். "சரி, சாட்சிப்பொருளைத் திற" என்றான் கிளெம். தேத்தண்ணிக் கோப்பைகளில் ஊற்றினோம். முப்பது பியர் தொழிலாளர்கள் வாய்பேசாமல் குடித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள். ஒருவன், "எங்கள் தலைமைக் காய்ச்சுகாரனை விட இந்தாளுக்குக் கை சுத்தம்" என்றான். இன்னொருவன், "தலைமைக் காய்ச்சுகாரனைவிட உன் நாய்க்கும் கை சுத்தம்" என்றான். கிளெம் தீர்ப்புச் சொன்னான்: வீட்டில் காய்ச்சினது மறியலை மீறியதாகாது, இன்னும் ஒரு போத்தல் திறந்தால் எழுத்திலும் தருவான். எல்லோரும் ரெஜ்ஜைப் பார்த்தார்கள். அவர் கடைசியாகக் குடித்தார். மெதுவாக, அடிவரைக்கும். ஊற்றுவதற்கு அங்கே மரம் ஒன்றும் இல்லை என்பதை நான் கவனித்துத்தான் இருந்தேன். "நொட் பாட்", மோசமில்லை, என்றார். இந்த நாட்டில் எட்டு வருடம் வாழ்ந்தவன் சொல்கிறேன் தம்பி, அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் இங்கே பாராட்டு இல்லை. திரும்பி வருகிறபோது காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, பரமட்டா வீதி முழுக்கச் சத்தமாகப் பாடிக்கொண்டு வந்தேன். பக்கத்துக் காரில் இருந்த பெண் என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

பின்னேரம் அவர் வந்து சொன்னதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். போகும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்: போத்தல்களைத் தன் கையால்தான் ஊற்றுவார், அடியில் கிடக்கும் சேறு கலங்காமல் ஊற்றுவது எங்களுக்குத் தெரியாதாம். அம்மா உடனே, அந்தச் சேற்றை எறியக்கூடாது, தனக்கு வேண்டும் என்று சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்க, அவள் அவரை இருத்தி அப்பம் சுட்டுக் கொடுத்தாள். ஐந்து சாப்பிட்டார். எங்கள் பக்கத்து அன்ரிமாருக்குக் கல்யாண வீட்டில் பியர் என்றால் முகம் கோணும். காலையில் தாலி கட்டுவது எங்கள் முன்னறையில், சைவச் சாப்பாட்டோடு. பியர் பின்னேரம் ரெஜ்ஜின் வளவில். கோணுகிற முகங்களை அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், அதில் நீயும் நானும் தலையிடத் தேவையில்லை.

புத்திமதி என்று தனியாக எழுத எனக்கு வராது. ஜூலி உன்னிடம் ஏதாவது கேட்டால், அதற்குள் இருக்கிற குத்தலைத் தேடாமல் முதலில் பதிலைச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். கைக்கு வந்த அளவில் எதையும் போடாதே, அன்பாக இருந்தாலும் சரி, கோபமாக இருந்தாலும் சரி, மூடி அடித்து வெயிலில் வைத்தால் அதுவும் வெடிக்கும். வந்ததும் ரெஜ்ஜிடம் போய், செவ்வாய்க்கிழமை சொன்ன வார்த்தையை அது அவர் காதில் விழாதது என்றாலும் மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொள்.

இன்னும் முடியாதவை இரண்டு. மருந்துக்கடை மோல்டில் செய்த கடைசி முப்பது போத்தல், போன சனிக்கிழமைதான் அடைத்தது. காற்றுக் கட்டுகிறதா என்பது அடுத்த வியாழக்கிழமை, நீ வந்து இறங்குகிற நாளில், ஒன்றைத் திறக்கும்போது தெரியும். மற்றது பெரியது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு யூனியனின் பொதுக்கூட்டம், வேலைக்குத் திரும்புவதா என்று வாக்கெடுப்பு. கிளெம்மின் கணிப்பில் இரண்டு பக்கமும் சமம். முடிந்தது என்று கை உயர்ந்தால் அன்று பின்னேரமே லொறிகள் ஓடும், ரெஜ்ஜின் சொந்த ஆலையின் பியர் கல்யாணத்துக்கு வந்துசேரும். அப்படியானால் மேசையில் எதை வைப்பீர்கள் என்று வாசற்படலையடியில் வைத்துக் கேட்டேன். "புதன்கிழமை கேள்" என்றார். அந்த மனிதர்கள் நாலு வாரமாகச் சம்பளம் இல்லாமல் நிற்கிறார்கள், அவர்கள் வென்று திரும்பவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதை விரும்பிக்கொண்டே, எட்டுக் குறைந்த இருபத்தொரு டசினையும் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். இதில் நான் நடுநிலையானவன் என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. வாக்கெடுப்பின் முடிவு புதன் மதியத்துக்குள் வரும், ரெஜ்ஜின் பதில் அன்று பின்னேரம். நீ வியாழக்கிழமை வீட்டுக்குள் வந்ததும், பையைக்கூட இறக்காமல், குளிர்ப்பெட்டியைத் திறந்து பார். அங்கே எங்கள் போத்தலோ ஆலைப் போத்தலோ, எது நிற்கிறதோ அதுதான் பதில்.

அன்புடன்,
அப்பா